சாதனச் செலுத்திகளும் அவற்றை நிறுவும்போது ஏற்படும் சிக்கல்களும்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல்
பணிசெயல் முறைமை அலகுக்கான துணைப் பாடம்



பணிசெயல் முறைமை பற்றிய அலகைப் படிக்கும்போது சாதனச் செலுத்தி என்னும் சொல் ஓரிரு வரிகளில் வந்து போகின்றது. மாணவர் பலர் அதன் வரைவிலக்கணத்தை மனனம் செய்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டி விடுகின்றனர். வினாத்தாளில் ஒரு பல்தேர்வு வினா வந்தால் அது போதும். ஆனால் வீட்டிலுள்ள கணினி ஒரு நாள் பேச மறுக்கும்போதும், ஒப்படையை அச்சிட மறுக்கும்போதும் அந்த ஓரிரு வரிகள் போதமாட்டா. அமைப்புக் கட்டுரை வினாவொன்றில் "காரணம் கூறுக" என்று கேட்டாலும் போதமாட்டா. ஆகவே இப்பாடத்தில் ஓர் உண்மையான நிலைமையை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

நாரந்தனையில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஜேர்மனியிலிருந்து ஊருக்கு வந்த மாமா தமது பழைய மேசைக்கணினியைப் பிள்ளைகளுக்கென விட்டுச் சென்றுள்ளார். தீவகத்தில் இவ்வாறு வந்துசேர்ந்த கணினிகள் பல. அதிலுள்ள விண்டோஸ் ஜேர்மன் மொழியில் இருக்கின்றது. ஒரு பொத்தானும் விளங்கவில்லை. அயல்வீட்டு அண்ணா வந்து வன்தட்டை வடிவமைத்து, ஆங்கிலப் பதிப்பை நிறுவிக் கொடுக்கின்றார். கணினி தொடங்குகின்றது. ஆனால் திரையில் எழுத்துகள் பெரிதாகவும் மங்கலாகவும் தெரிகின்றன. ஒலி இல்லை. இணைய இணைப்புக்கான குறியே இல்லை. பாடசாலைக்கு நாளை மறுநாள் ஒப்படை கொடுக்கவேண்டும். அச்சுப்பொறியைச் செருகினால் "அறியப்படாத சாதனம்" என்று வருகின்றது. நேற்றுவரை எல்லாம் இயங்கிய கணினிதானே, என்ன நடந்தது?

வன்பொருளில் ஒரு பழுதும் இல்லை. பழைய விண்டோஸுடன் சேர்ந்து, அந்தக் கணினிக்கென நிறுவப்பட்டிருந்த செலுத்திகளும் அழிந்துவிட்டன. அவ்வளவே.

செலுத்தி என்பது யாது?

பணிசெயல் முறைமைக்கும் குறித்த ஒரு வன்பொருட் சாதனத்துக்கும் இடையே நின்று, முறைமையின் பொதுவான கட்டளைகளை அச்சாதனத்துக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கும் மென்பொருளே சாதனச் செலுத்தியாகும்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறும் பயணிக்கு எங்கே போகவேண்டும் என்பது மட்டும் தெரிந்தாற் போதும். அந்தப் படகின் எந்திரத்தை எப்படித் தொடக்குவது, சுக்கானை எவ்வளவு திருப்புவது என்பவை படகை ஓட்டுபவருக்கே தெரியும். சொற்செயலி மென்பொருள் பயணியைப் போன்றது. "இப்பக்கத்தை அச்சிடு" என்று அது கேட்கும். மையைத் தெளிக்கும் முனையை எத்தனை புள்ளிக்கு எங்கே நகர்த்துவது என்பது அந்த மாதிரி அச்சுப்பொறியின் செலுத்திக்கே தெரியும். வேறு மாதிரியின் செலுத்தியைக் கொண்டு அதனை இயக்க முயன்றால், வெற்றுத் தாளோ பொருளற்ற குறிகள் நிறைந்த தாள்களோ வெளிவரும்.

பரீட்சையில் மாணவர் குழப்பிக்கொள்ளும் ஓரிடத்தை இங்கேயே தீர்த்துவிடுவோம். இறுவட்டு, வன்தட்டு ஆகியவற்றைச் சுழற்றி வாசிக்கும் பொறி செலுத்தகம், அது வன்பொருள். செலுத்தி என்பது மென்பொருள். சொல் ஒத்திருப்பதனால் விடையில் ஒன்றை மற்றொன்றாக எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். செலுத்தி எந்த வகை மென்பொருள் என்று கேட்டால், முறைமை மென்பொருள் என்பதே விடை. பிரயோக மென்பொருள் அன்று.

சில சாதனங்களுக்கு நாம் செலுத்தி எதனையும் நிறுவுவதில்லையே என்று கேட்பீர்கள். விசைப்பலகை, சுட்டி, பென் ட்ரைவ் போன்றவை பொதுவான நியமங்களின்படி செய்யப்பட்டவை. அவற்றுக்கான பொதுச் செலுத்திகள் பணிசெயல் முறைமையுடனேயே வருகின்றன. செலுத்தி இல்லாத சாதனம் என்று ஒன்று இல்லை. நம் கண்ணிற் படாத செலுத்தி உண்டு. மேற்சொன்ன வீட்டில் திரை மங்கலாகவேனும் தெரிந்ததும் இதனாலேயே. வரைவியல் அட்டைக்கு உரிய செலுத்தி கிடைக்காதபோது விண்டோஸ் தன்னிடமுள்ள அடிப்படைக் காட்சிச் செலுத்தியைப் பயன்படுத்திக் குறைந்த பிரிதிறனிற் படத்தைக் காட்டும்.

செருகியவுடன் இயங்குமா?

1995 ஓகஸ்ற் 24 இல் வெளியான விண்டோஸ் 95 உடன், சாதனத்தைச் செருகியவுடன் முறைமை தானே அதனை இனங்கண்டு அமைத்துக்கொள்ளும் வசதி வீட்டுக் கணினிகளிற் பரவலாயிற்று. அதற்கு முன்னர் அட்டைகளிலுள்ள சிறு ஆளிகளைக் கையால் மாற்றி, எந்தச் சாதனத்துக்கு எந்த இலக்கம் என்று பயனரே ஒதுக்கவேண்டியிருந்தது. வசதி வந்ததே தவிர, அது எப்போதும் கைகொடுக்கவில்லை. 1998 ஏப்பிரல் 20 இல் சிகாகோவில் நடந்த கண்காட்சியில், விண்டோஸ் 98 ஐ பில் கேற்ஸ் முன்னிலையில் அறிமுகம் செய்தபோது, மேடையில் ஒரு வருடியைக் கணினியுடன் இணைத்தார்கள். வருடி இனங்காணப்படுவதற்குப் பதிலாக, பலரும் பார்த்துக்கொண்டிருக்கக் கணினி நிலைகுலைந்து நீலத்திரை தோன்றிற்று. அதை உருவாக்கியவர்களின் மேடையிலேயே இப்படி என்றால், உங்கள் வீட்டில் ஒரு தடவை நேர்வதையிட்டுக் கலங்கத் தேவையில்லை.

ஒரு சிறு மென்பொருளின் பிழைக்கு முழுக் கணினியும் ஏன் விழவேண்டும்? இது நல்ல வினா. காரணத்தை விளங்கிக்கொண்டால் பின்னே வரும் திருத்தும் முறைகளும் விளங்கும். சொற்செயலி போன்ற பிரயோக மென்பொருள்கள் தமக்கென ஒதுக்கப்பட்ட நினைவகப் பகுதிக்குள்ளேயே இயங்கும். அவற்றுள் ஒன்று பிழைத்தால் பணிசெயல் முறைமை அதனை மட்டும் மூடிவிடும். செலுத்திகளிற் பல அப்படியல்ல. வன்பொருளை நேரடியாகத் தொடவேண்டியிருப்பதனால், அவை முறைமையின் கருவுடன் சேர்ந்து, அதே உரிமைகளுடன் இயங்குகின்றன. அங்கே ஒரு பிழை நேர்ந்தால், தரவு மேலும் கெடாதிருக்க முறைமை தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். நீலத்திரை என்பது அதுவே.

2007 இல் விண்டோஸ் விஸ்ரா வெளிவந்தபோது புதிய செலுத்திகள் பல முதிராத நிலையில் இருந்தன. பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் நடந்த வழக்கொன்றில் வெளியான மைக்ரோசொப்ட் ஆவணங்களின்படி, 2007 இற் பதிவான விஸ்ரா நிலைகுலைவுகளில் 28 சதவீதத்துக்கு மேற்பட்டவை என்விடியா என்னும் ஒரே நிறுவனத்தின் செலுத்திகளோடு தொடர்புபட்டவை. அண்மைய உதாரணம் இன்னும் பெரியது. 2024 ஜூலை 19 இல், கிரவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தனது செலுத்தி வாசிக்கும் தரவுக் கோப்பொன்றைப் பிழையுடன் அனுப்பியது. கருவில் இயங்கிய அச்செலுத்தி தனக்குரியதல்லாத நினைவக இடத்தை வாசிக்க முற்பட்டு விழ, ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. விமானச் சேவைகளும் வைத்தியசாலைகளும் பாதிக்கப்பட்டன. அதனைத் திருத்திய முறையைக் கவனியுங்கள்: கணினியைப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, பிழையான அந்த ஒரு கோப்பை அழித்து, மீண்டும் தொடங்கினார்கள். உலகத்தையே நிறுத்திய சிக்கலுக்கும் வன்தட்டை வடிவமைக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

சாதன முகாமையாளரிலிருந்து. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் திரையின் கீழுள்ள தொடக்கப் பொத்தானின்மீது வலது சொடுக்குச் செய்தால் வரும் பட்டியலில் டிவைஸ் மனேஜர் என்னும் பெயருடன் இது காணப்படும். கணினியிலுள்ள சாதனங்கள் யாவும் அங்கே வகைப்படுத்தப்பட்டிருக்கும். மஞ்சள் முக்கோணத்தினுள் ஆச்சரியக்குறி உள்ள சாதனத்தில் சிக்கல் உண்டு. கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால், அச்சாதனம் யாராலோ செயலிழக்கச் செய்யப்பட்டுள்ளது. அதனை மீண்டும் செயற்படுத்தினாலே போதும், செலுத்தியைத் தேடி அலையவேண்டியதில்லை.

மஞ்சட் குறியுள்ள சாதனத்தை இருமுறை சொடுக்கினால் அதன் நிலை பற்றிய வாக்கியமும் ஒரு குறியெண்ணும் தோன்றும். பலர் அந்த எண்ணைப் பார்க்காமலே சாளரத்தை மூடிவிடுகின்றனர். வைத்தியர் தந்த அறிக்கையை வாசிக்காமல் மருந்து வாங்கப் போவது போன்றது இது. 28 என்றால் செலுத்தி நிறுவப்படவே இல்லை என்பது பொருள்; நாரந்தனை வீட்டில் ஒலிக்கும் வலையமைப்புக்கும் இந்த எண்ணே வரும். 10 என்றால் செலுத்தி உண்டு, ஆனால் சாதனத்தைத் தொடக்க முடியவில்லை. பொருத்தமற்ற பதிப்பு ஒரு முக்கிய காரணம். 39 என்றால் செலுத்திக் கோப்பு பழுதடைந்துள்ளது அல்லது காணாமற் போயுள்ளது. 43 வரும்போது, சாதனமே தனக்குக் கோளாறு என்று அறிவித்ததால் விண்டோஸ் அதனை நிறுத்தியுள்ளது. இங்கே வடம், துறை, சாதனம் ஆகியவற்றையும் ஐயுறவேண்டும். 52 என்பது செலுத்தியின் இலக்கமுறைக் கையொப்பத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்பதாகும். 64 பிற்று விண்டோஸில், விஸ்ரா தொடக்கம், கருவில் இயங்கும் செலுத்திகளுக்கு இக்கையொப்பம் கட்டாயம். யாரோ மாற்றியமைத்த செலுத்தி உங்கள் கணினியின் கருவினுள் நுழையாதிருக்கவே இக்காவல். அதனை நிறுத்திவைக்கும் வழிகளைச் சிலர் சொல்லித்தருவார்கள்; கேட்காதீர்கள்.

32 உம் 64 உம்

தவறான செலுத்தியை நிறுவுவதற்கு மிகப் பொதுவான காரணம் இதுவாகும். 32 பிற்றுப் பிரயோக மென்பொருள் 64 பிற்று விண்டோஸில் இயங்கும். ஆனால் 32 பிற்றுச் செலுத்தி அங்கே இயங்காது. காரணம், அது கருவுடன் சேர்ந்து இயங்கவேண்டியது. பழைய அச்சுப்பொறியுடன் வந்த இறுவட்டில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்பீக்கான 32 பிற்றுச் செலுத்தியே. அந்த இறுவட்டைப் பத்திரமாக வைத்திருந்தும் பயனில்லை. விண்டோஸ் 11 க்கு 32 பிற்றுப் பதிப்பே கிடையாது. எனவே செலுத்தியைத் தேடுமுன் மூன்று விடயங்களைக் குறித்துக்கொள்க: சாதனத்தின் சரியான மாதிரி, பணிசெயல் முறைமையின் பதிப்பு, அது 32 பிற்றா 64 பிற்றா என்பது. மாதிரி இலக்கத்தின் இறுதி எழுத்து ஒன்று வேறுபட்டாலும் உள்ளேயிருக்கும் சில்லு வேறாக இருக்கலாம்.

பெயரே தெரியாத சாதனத்துக்கு என்ன செய்வது? சாதன முகாமையாளரில் அச்சாதனத்தின் விபரத் தத்தலைத் திறந்து, வன்பொருள் அடையாளம் என்னும் பகுதியைப் பாருங்கள். அங்கே உற்பத்தியாளரைக் குறிக்க நான்கு இலக்கங்களும், சாதனத்தைக் குறிக்க நான்கு இலக்கங்களும் இருக்கும். இவை பதினறும எண்கள். எண் முறைமைகள் அலகிற் படித்தது இங்கே உதவுகின்றது: ஒரு பதினறும இலக்கம் 4 பிற்று, ஆகவே நான்கு இலக்கம் 16 பிற்று, அதனால் 65,536 வேறுபட்ட எண்களைக் குறிக்கலாம். தாய்ப்பலகையில் இணைந்த சாதனங்களில் 8086 என்றிருந்தால் உற்பத்தியாளர் இன்ரெல். 1978 இல் அந்நிறுவனம் வெளியிட்ட செயலியின் பெயரும் 8086 என்பதை அறிவீர்கள். அந்த எண்ணையே அடையாளமாக எடுத்துக்கொண்டனர். 1002 என்றால் முன்னர் ஏரீஐ எனப்பட்டு 2006 இல் ஏஎம்டீயுடன் இணைந்த நிறுவனம். இவ்வடையாளத்தை எழுதிக்கொண்டு தேடினால், பெயரற்ற சாதனத்துக்கும் பெயர் கிடைத்துவிடும்.

இணையம் இல்லாமல் இணையச் செலுத்தியைப் பெறுவது

இது தீவகத்து மாணவருக்கு முக்கியமான பகுதி. இணையம் இருந்தால் விண்டோஸ் தானே பல செலுத்திகளைத் தேடி இறக்கிக்கொள்ளும். ஆனால் இல்லாதது வலையமைப்பு அட்டையின் செலுத்திதான். அதனைப் பெற இணையம் வேண்டும். இணையத்துக்கு அது வேண்டும். பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் வரை கணினிப் பெட்டியைப் பேருந்தில் தூக்கிச் செல்வதற்கு முன் இரண்டு வழிகளை முயலுங்கள்.

முதலாவது, அன்ரொயிட் கைபேசியை யூஎஸ்பி வடத்தினால் கணினியுடன் இணைத்து, கைபேசியின் அமைப்புகளில் யூஎஸ்பி வழியே இணையத்தைப் பகிரும் தெரிவைச் செயற்படுத்துவது. இதற்கு வேண்டிய செலுத்தி விண்டோஸ் 7 இலிருந்தே முறைமையுடன் வருகின்றது. எனவே வலையமைப்பு அட்டை இயங்காதபோதும் இவ்வழி பெரும்பாலும் இயங்கும். கைபேசித் தரவு விரைவிற் கரைந்துவிடும் என்பதனால், முதலில் வலையமைப்புச் செலுத்தியை மட்டும் இறக்குங்கள். இரண்டாவது, வன்பொருள் அடையாளத்தைத் தாளில் எழுதிச் சென்று, பாடசாலைக் கணினி கூடத்திலோ நண்பர் வீட்டிலோ செலுத்தியை இறக்கிப் பென் ட்ரைவில் கொண்டுவருவது. பெட்டியைத் தூக்குவதிலும் தாளைக் கொண்டுபோவது இலகு அல்லவா?

எங்கிருந்து இறக்குவது என்பதிலும் கவனம் வேண்டும். கணினி அல்லது தாய்ப்பலகை உற்பத்தியாளரின் தளமே முதலிடம். அடுத்தது சில்லை உற்பத்தி செய்த நிறுவனத்தின் தளம். "உங்கள் கணினியில் 37 செலுத்திகள் பழையவை" என்று பயமுறுத்திப் பணம் கேட்கும் மென்பொருள்களை நாடவேண்டாம். அவற்றுட் பல தேவையற்றவற்றையும் சேர்த்து நிறுவிவிடும். நன்றாக இயங்கும் செலுத்தியை, புதியது வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்றவேண்டியதில்லை என்பது என் கருத்து. பாதுகாப்புக் குறைபாடு திருத்தப்பட்டிருந்தால் மட்டும் அது வேறு.

நிறுவும் ஒழுங்கிலும் ஒரு நியாயம் உண்டு. தாய்ப்பலகையின் சில்லுத் தொகுதிக்கான செலுத்தியே ஏனைய சாதனங்கள் இணைந்துள்ள பாட்டைகளை முறைமைக்கு அறிமுகம் செய்கின்றது. ஆதலால் அது முதலில். அடுத்து வலையமைப்பு, அது வந்துவிட்டால் வரைவியல், ஒலி ஆகியவற்றை விண்டோஸே கொண்டுவரக்கூடும். வெளிச் சாதனங்கள் கடைசியில். ஒவ்வொன்றையும் நிறுவுமுன் மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்கிக்கொள்க. ஒரே நேரத்தில் ஐந்து செலுத்திகளை நிறுவி, பின்னர் நீலத்திரை வந்தால், குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பது கடினம்.

அச்சுப்பொறி

வீடுகளில் அதிகம் முறைப்பாடு இதைப் பற்றியே. 2000 களில் வந்த மைத்தெளிப்பு அச்சுப்பொறிகள் பலவற்றின் பெட்டியில், யூஎஸ்பித் துறையின்மேல் ஓர் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டிருக்கும்: மென்பொருளை நிறுவும்வரை வடத்தைச் செருகவேண்டாம் என்று. பொறுமையின்றி அதனைக் கிழித்துச் செருகினால், செலுத்தி இல்லாத நிலையில் விண்டோஸ் அதனை அறியப்படாத சாதனமாகப் பதிந்துகொள்ளும். பின்னர் மென்பொருளை நிறுவினாலும் பழைய பதிவே முன்னிற்கும். திருத்தும் முறை இதுதான்: அச்சுப்பொறி இணைந்திருக்கும்போதே சாதன முகாமையாளரில் அறியப்படாத சாதனத்தை வலது சொடுக்கி நீக்குக, வடத்தைக் கழற்றுக, கணினியை மீளத் தொடங்குக, மென்பொருளை நிறுவுக, அது கேட்கும்போது மட்டும் வடத்தைச் செருகுக.

இன்னொரு நிலைமை. நேற்று அச்சிட்டது, இன்று அச்சிடவில்லை. செலுத்தி சரியாகவே உள்ளது. அச்சுப்பொறிகளின் பட்டியலைத் திறந்து பார்த்தால், ஒரே பெயரில் இரண்டு இருக்கும். இரண்டாவதன் அருகே "பிரதி 1" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். வீட்டைக் கூட்டும்போது வடத்தைக் கழற்றி வேறு யூஎஸ்பித் துறையிற் செருகியிருப்பார்கள். சில அச்சுப்பொறிகளை விண்டோஸ் துறையை வைத்தே இனங்காண்பதனால், அதனைப் புதிய அச்சுப்பொறியாகக் கொண்டுவிடும். உங்கள் ஆவணமோ பழைய பெயருக்கே போய், இல்லாத அச்சுப்பொறிக்காக வரிசையிற் காத்திருக்கும். வடத்தைப் பழைய துறைக்கு மாற்றினால் தேங்கிய பக்கங்கள் எல்லாம் ஒன்றாக வெளிவரத் தொடங்கும். தாள் விலையை நினைத்து, அதற்கு முன் வரிசையிலுள்ள தேவையற்ற ஆவணங்களை அழித்துவிடுங்கள்.

நிறுவல் தொடங்கியதும் உரிமை இல்லை என்று மறுக்கப்பட்டால், நீங்கள் நுழைந்திருப்பது நிருவாகிக் கணக்கில் அன்று. 2021 இல் விண்டோஸின் அச்சிடற் சேவையில் பாரிய பாதுகாப்புக் குறைபாடு வெளியானதைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திலிருந்து வலையமைப்பு அச்சுப்பொறிகளின் செலுத்திகளை நிறுவ நிருவாகி உரிமை கட்டாயமாக்கப்பட்டது. பாடசாலைக் கூடத்தில் இந்தச் செய்தி வந்தால் ஆசிரியரை அழையுங்கள்.

அச்சுப்பொறிச் செலுத்தியைப் பற்றி எழுதும்போது ஒரு வரலாற்றையும் சொல்லாமல் விடமுடியாது. 1980 அளவில் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடம் ஒன்றுக்குப் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. தாள் சிக்கினால் பயனருக்கு அறிவிக்கும்படி அதன் மென்பொருளைத் திருத்த விரும்பினார் ரிச்சர்ட் ஸ்ரோல்மன். மூலக்குறி கொடுக்கப்படவில்லை. அந்தக் கசப்பும் சேர்ந்தே, 1983 செப்ரெம்பரில் அவர் அறிவித்த குனூ திட்டத்துக்கும், நீங்கள் படிக்கும் கட்டற்ற மென்பொருட் சிந்தனைக்கும் வழிவகுத்தது. உற்பத்தியாளர் கைவிட்ட பழைய அச்சுப்பொறிகள் சில இன்று விண்டோஸ் 11 இல் இயங்காமல் லினக்ஸில் இயங்குகின்றன என்றால், அங்கே செலுத்தியின் மூலக்குறி பலர் கையில் இருப்பதே காரணம்.

செலுத்தியின் குற்றம் அல்லாதவை

எல்லாப் பழியையும் செலுத்திமீது போடுவதும் பிழை. தீவகத்தில் உப்புக்காற்று வீசும். கதவோரம் வைத்த கணினியின் செப்புத் தொடுகைகளில் களிம்பு படியும். குறியெண் 43 வந்து, வேறு துறையிலோ வேறு வடத்திலோ சரியாக இயங்கினால், சிக்கல் தொடுகையில் உள்ளது. மின்னைத் துண்டித்து, உலர்ந்த மென்தூரிகையாற் சுத்தம் செய்யலாம்.

அச்சிட்ட தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகவும் அரைப்புள்ளிகளாகவும் வந்தால், அதுவும் செலுத்தியின் பிழை அன்று. பாமினி எழுத்துருவிற் தட்டச்சான கோப்பு, பாமினி இல்லாத கணினியில் திறக்கப்பட்டுள்ளது. எழுத்துருவை நிறுவுங்கள், அல்லது ஒருங்குறிக்கு மாற்றுங்கள்.

மின்வெட்டைப் பற்றியும் கேட்பீர்கள். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் தடைப்பட்டது நினைவிருக்கும். செலுத்தியை நிறுவும்போது மின் போனால், பாதியில் நின்ற கோப்புகளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவலாம். ஆனால் நிலைபொருளை இற்றைப்படுத்தும்போது மின் போனால் அச்சாதனம் மீளாமலே போகலாம். ஏனெனில் அது வன்தட்டில் அன்றி, சாதனத்தின் உள்ளேயிருக்கும் நினைவகத்தில் எழுதப்படுகின்றது. இவ்வேறுபாடு வினாவாக வரத்தக்கது.

வடிவமைக்குமுன்

புதிய செலுத்தியின் பின்னர் கணினி தொடங்காவிட்டால், பாதுகாப்பு நிலையில் தொடங்குக. அந்நிலையில் விண்டோஸ் மிக அவசியமான செலுத்திகளை மட்டுமே ஏற்றும். எனவே குற்றஞ்செய்த செலுத்தி உறங்கிக்கொண்டிருக்க, நீங்கள் அதனை நீக்கலாம். எக்ஸ்பீ, 7 ஆகியவற்றில் தொடங்கும்போது எஃப்8 விசையை அழுத்தவேண்டியிருந்தது. விண்டோஸ் 10, 11 இல் ஷிப்ற் விசையை அழுத்திக்கொண்டு மீள்தொடக்கத்தைத் தெரிக. நுழைவுத் திரையே வராவிட்டால், தொடக்கம் சில தடவை தொடர்ந்து தோல்வியுற்றபின் மீட்புத் திரை தானாகவே தோன்றும். சாதன முகாமையாளரில் முந்திய செலுத்திக்குத் திரும்பும் பொத்தானும் உண்டு. அது மங்கலாக இருந்தால், திரும்புவதற்கு முந்திய பதிப்பு இல்லை என்பது பொருள். அப்போது மீட்புப் புள்ளியைப் பயன்படுத்துக.

இவற்றையெல்லாம் விட்டு "வடிவமைத்துவிடுவோம்" என்று யாராவது சொன்னால், குறியெண் என்ன என்று கேளுங்கள். குறியெண் 28 க்கு வடிவமைப்பு மருந்தாகாது. ஒரு செலுத்தி இல்லை என்று முறைப்பட்ட கணினியில் அதன்பின் எல்லாச் செலுத்திகளும் இராது. அத்துடன் கோப்புகள் போய்விடும். 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் வீட்டுப் படங்களையும் பத்திரங்களையும் இழந்த குடும்பங்கள் தீவகத்தில் அநேகம். உறவினரிடம் எஞ்சியிருந்த ஓரிரு படங்களை வருடி, கணினியிற் சேர்த்து வைத்திருப்பார்கள். அந்தக் கோப்புறை வேறெங்கும் இல்லாமலிருக்கலாம். வேறு வழியே இல்லை என்றானபின்னும், அதனைப் பென் ட்ரைவில் பிரதி செய்து, திறந்து பார்த்து உறுதிசெய்த பின்னரே வன்தட்டைத் தொடவேண்டும்.

மாதிரி வினா

மாணவி ஒருத்தி தனது கணினியில் 64 பிற்று விண்டோஸ் 10 ஐப் புதிதாக நிறுவினாள். அதன் பின்னர் ஒலி கேட்கவில்லை. திரையின் பிரிதிறன் குறைந்துள்ளது. தாய்ப்பலகையுடன் வந்த, விண்டோஸ் எக்ஸ்பீ 32 பிற்றுக்கான இறுவட்டை இட்டு நிறுவ முயன்றபோது அது தோல்வியுற்றது.

(அ) ஒலி கேட்காதபோதும் திரை தெரிந்தமைக்குக் காரணம் யாது?
(ஆ) இறுவட்டிலிருந்த செலுத்தி தோல்வியுற்றமைக்கு இரு காரணங்கள் தருக.
(இ) ஒலி அட்டையின் மாதிரியை அவள் அறியாள். சரியான செலுத்தியை எவ்வாறு கண்டுபிடிக்கலாம்?
(ஈ) புதிய வரைவியற் செலுத்தியை நிறுவியபின் கணினி நீலத்திரையுடன் நின்றால் அவள் செய்யவேண்டியது யாது?

விடைக் குறிப்பு

(அ) வரைவியல் அட்டைக்கு உரிய செலுத்தி இல்லாதபோது விண்டோஸ் தன்னுடன் வரும் அடிப்படைக் காட்சிச் செலுத்தியைப் பயன்படுத்தும். அவளது ஒலி அட்டைக்குப் பொருந்தும் செலுத்தி முறைமையுடன் வரவில்லை. "திரை வன்பொருள், ஒலி மென்பொருள்" என்று எழுதினாற் புள்ளி இல்லை.

(ஆ) 32 பிற்றுச் செலுத்தி 64 பிற்றுக் கருவில் இயங்காது. அது வேறொரு பணிசெயல் முறைமைப் பதிப்புக்காக எழுதப்பட்டது. கையொப்பம் இல்லாமையையும் காரணமாக எழுதலாம்.

(இ) சாதன முகாமையாளரில் மஞ்சட் குறியுள்ள சாதனத்தின் வன்பொருள் அடையாளத்தைப் பார்த்து, உற்பத்தியாளர் எண், சாதன எண் ஆகியவற்றைக் கொண்டு தேடி, உற்பத்தியாளரின் தளத்திலிருந்து 64 பிற்று விண்டோஸ் 10 க்கான பதிப்பை இறக்கவேண்டும்.

(ஈ) பாதுகாப்பு நிலையில் தொடங்கி, அச்செலுத்தியை நீக்குதல் அல்லது முந்திய பதிப்புக்குத் திரும்புதல்; முடியாதவிடத்து மீட்புப் புள்ளியைப் பயன்படுத்துதல். "வன்தட்டை வடிவமைத்தல்" என்று மட்டும் எழுதிய விடை, கேட்கப்பட்ட சிக்கலுக்கு விடையாகாது.